மறு: கேளாமல் வரும் புதிய பதிப்புக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொற் குழுவின் இவ்விழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டே இதை எழுதுகிறேன். பயனர் கேட்காமலும், சில வேளைகளில் அவர் வேண்டாம் என்று சொன்ன பின்னரும், கணினியில் புதிய இயங்குதளம் வந்து அமர்ந்துகொள்வதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய உரையாடலில் 'கட்டாய இற்றைப்படுத்தல்', 'வலிந்த மேம்படுத்தல்' என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. 'அப்டேட் இம்சை' என்று மூன்றாவதாக ஒருவர் எழுதியது வேடிக்கைக்காக என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் முதல் இரண்டிலும் இல்லாத, பாதிக்கப்பட்டவரின் குரல் அதில்தான் கேட்கிறது. நான் 'பதிப்புத் திணிப்பு' என்னும் சொல்லைக் குழுவின் முன் வைக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

> அப்டேட், அப்கிரேடு இரண்டையும் மக்கள் ஒன்றாகவே சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும், ஐயா?

இக்கேள்வியைக் கேட்ட தங்கைக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். மக்கள் ஒன்றாகச் சொல்வது அவர்கள் பிழையன்று. சிறு திருத்தமாகிய அப்டேட், பதிப்பையே மாற்றும் அப்கிரேடு இரண்டும் ஒரே குழாய் வழியாகத்தான் அவர்கள் வீட்டுக்கு வந்தன. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு அது ஓராண்டுக்கு இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கான அழைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே சேவையின் வழியே கணினிக்குள் நுழைந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சின்னமாக உட்கார்ந்துகொண்டது. 2016 பிப்ரவரியில் அது 'விருப்பத்துக்குரியது' என்ற வகையிலிருந்து 'பரிந்துரைக்கப்படுவது' என்ற வகைக்கு மாற்றப்பட்டது. பாதுகாப்பு கருதித் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்திருந்த ஒழுங்கான பயனர்களின் கணினிகளில், அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், பல ஜிகாபைட் கோப்புகள் இறங்கத் தொடங்கின. நம் ஊரில் டேட்டா அட்டையின் மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த காலம் அது என்பதை நினைவிற்கொள்க.

மே மாதத்தில் நடந்ததுதான் நம் சொல்லாக்கத்துக்கு மிகவும் பயன்படுவது. இன்ன நாள், இன்ன நேரத்தில் உங்கள் கணினி மாற்றப்படும் என்று ஓர் அறிவிப்புச் சன்னல் தோன்றியது. அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினால் சன்னல் மூடியது. குறித்த நேரம் அப்படியே நின்றது. 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்வதற்காகவே பயனர்கள் இருபதாண்டுகளாக அழுத்திப் பழகிய குறி, அங்கே இசைவாகக் கொள்ளப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு ஜூன் இறுதியில்தான் வெளிப்படையாக மறுக்கும் வழி சேர்க்கப்பட்டது. இலவச வாய்ப்பு முடிய அப்போது ஒரு மாதமே மிச்சம். கலிபோர்னியாவில் பயண முகவராகத் தொழில் செய்த ஒரு பெண்மணி, தம் இசைவின்றி நடந்த மாற்றத்தால் கணினி முடங்கியதென்று வழக்காடி 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவரே அவ்வாண்டு டிசம்பரில், எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொல்லை தாங்காமல் புதுப்பிப்புச் சேவையையே அணைத்துவிடுவது அக்காலத்தில் பலரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த கைவைத்தியம். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைப்பணத் தீநிரல் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பாகவே, வந்திருந்தது. கைவைத்தியம் செய்துகொண்ட கணினிக்கு அந்தத் திருத்தமும் வந்திராது. ஓட்டையை அடைக்கும் வேலைக்கும், குடியிருப்பவரைக் கேட்காமல் வீட்டையே மாற்றும் வேலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், இரண்டாவதன் மீதுள்ள கோபம் முதலாவதன் மீது விழும். ஆகவே, தங்கையே, பிரிக்கத்தான் வேண்டும்.

சிறு திருத்தத்துக்கு 'இற்றைப்படுத்தல்' போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'இன்று' என்பதிலிருந்து வந்த 'இற்றை' என்னும் நல்ல பழஞ்சொல்தான் அதற்கு அடி. இலங்கை நண்பர்கள் 'இற்றைவரை' என்று இன்றும் இயல்பாக எழுதுகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் வேரூன்றிவிட்டது. 'இற்றுப்போன கயிறு' நினைவுக்கு வருகிறது, கணினியை இற்றுப்போகச் செய்வதோ என்று ஒருவர் கேட்டிருந்தார். சில கணினிகளைப் பார்க்கும்போது அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

என் சிக்கல் 'மேம்படுத்தல்' என்பதோடுதான். 'மேம்' என்ற முதலசையே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒரு நாள் காலை கைப்பேசியில் அழைத்தார். முதல் நாள் இரவு அவர் கணினியை அணைக்காமல் போயிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் திரையின் முகமே மாறியிருக்கிறது. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இயங்கவில்லை; லேசர் பிரிண்டரைக் கணினிக்கு அடையாளமே தெரியவில்லை. அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையின் இரண்டாம் புரூஃபுக்காகப் பெண்ணின் தாய்மாமன் கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் ஒன்னுமே பண்ணல தம்பி, அதுவா ஆயிடுச்சு" என்பதையே அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். திரையிலோ, கணினி வெற்றிகரமாக மேம்படுத்தப்பட்டது என்ற செய்தி இருந்தது. அதை அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

'தரமுயர்த்தல்' என்பதும் இதே வகையினதுதான். ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்துத் தரம் உயர்த்துகிறோம் என்று அறிவிப்பு வந்தால், நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று மக்கள் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள் அல்லவா? யாருடைய கணக்கில் உயர்வு என்று அவர்கள் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன். 'பதிப்பேற்றம்' என்று ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது 'பதிவேற்றம்' என்றே படும். பிழைதிருத்துநர் ஒருவர் உண்மையிலேயே அப்படி 'திருத்தி' அனுப்பிய பிறகு அதை விட்டுவிட்டேன். எனவே, நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்லாத 'பதிப்பு மாற்றம்' என்பதே பொதுச்சொல்லாக இருக்கட்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லின் உருவத்தைப் பார்த்துத் தமிழாக்கினால் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் கையேடுகளில் தடுமாறுவோம். அங்கே மென்பொருள்களை நிறுவும் ஏபிடி கருவியின் 'அப்டேட்' கட்டளை, கிடைக்கும் மென்பொருள் பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. 'அப்கிரேடு' கட்டளைதான் திருத்தங்களை நிறுவுகிறது. இயங்குதளத்தையே அடுத்த பதிப்புக்கு மாற்றும் வழி வேறு. ஆகவே நம் சொற்பட்டியலில் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை எழுதாமல், நடக்கும் செயலுக்கு நேராக எழுத வேண்டும்.

> 'கட்டாய' என்ற அடைமொழி போதாதா? ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் தடையே. கட்டாயக் கல்வி, கட்டாயத் தலைக்கவசம் என்று நாம் சொல்லும்போது, சட்டம் ஒன்று பின்னால் நிற்கிறது. நமக்கு நல்லது என்ற ஒப்புதலும் உடன் வருகிறது. 'கட்டாய இற்றைப்படுத்தல்' என்று எழுதினால், மறுப்பவர்தான் பொறுப்பற்றவர் என்ற தொனி வந்துவிடுகிறது. 'வலிந்த' என்பதில் அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் 'வலிந்து வந்து உதவினார்' என்ற வழக்கும் உண்டு. 'திணிப்பு' அப்படியன்று. வேண்டாதவர் வாயில் ஊட்டுவதும், நிரம்பிய பையில் அமுக்குவதும் திணிப்புத்தான். பெறுபவரின் இசைவின்மை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடைமொழி எதுவும் தேவையில்லை.

இலக்கணம் வழியாகவும் ஒரு காரணம் உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். "போன் அப்டேட் கேக்குது" என்று நாம் பேசுகிறோம். கேட்பது கருவி, கொடுப்பது நாம். நடந்து முடிந்த பின் "தானா ஆயிடுச்சு" என்கிறோம். அங்கே செய்தவரே இல்லை. திரைச்செய்திகளை மொழிபெயர்க்கும் நாமும் 'புதுப்பிக்கப்படுகிறது', 'மேம்படுத்தப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதிச் செய்தவரை மறைத்துவிடுகிறோம். மாறு என்றால் மாற்று, மேம்படு என்றால் மேம்படுத்து என்று தன்வினைக்குப் பிறவினை உண்டு. 'திணி' என்பதற்கோ, 'மண் திணிந்த நிலன்' போன்ற பழைய வழக்கை விட்டால், இன்று தன்வினையே கிடையாது. இன்றைய பேச்சில் எதுவும் தானாகத் திணியாது. திணித்தவர் யார் என்ற கேள்வி அச்சொல்லை உச்சரித்தவுடனே எழுகிறது. கடைக்கார அக்காவுக்கு அந்தச் சொல் அன்று கிடைத்திருந்தால், "நான் ஒன்னும் பண்ணல" என்று தம்மேல் பழி வராமல் காத்துக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு வந்திராது.

மொழிப்போர் நினைவு வருகிறது, கலைச்சொல்லில் அரசியல் வாடை கூடாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எச்சரித்திருந்தார். ஐயா அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரலாற்றினால்தான் இச்சொல்லின் பொருள் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளக்கமின்றிப் புரிகிறது. விலக்க வேண்டியது வசைச்சொல்லை. 'திணிப்பு' வசையன்று, செயலின் பெயர். நிறுவனங்களின் தரப்பிலிருந்து எழுதும்போது 'பதிப்பு மாற்றம்' இருக்கவே இருக்கிறது.

இது ஒரு நிறுவனத்துக்கு எதிரான சொல்லாகிவிடும் என்ற ஐயமும் வேண்டாம். நாம் பலரும் பயன்படுத்தும் உபுண்டுவின் ஸ்நாப் என்னும் வகை மென்பொருள் பொதிகள் நாளொன்றுக்கு நான்கு முறை தாமே சரிபார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைந்தவை. பயனர் விரும்பும்வரை அதை நிறுத்திவைக்கும் வசதி 2022 இறுதியில்தான் வந்தது. அங்கே மாறுவது இயங்குதளப் பதிப்பு அன்று என்பதால் 'இற்றைத் திணிப்பு' என்று சொல்லலாம். விண்டோஸ் 10 வீட்டுப் பதிப்பிலும், இற்றைகளை 35 நாள்வரை தள்ளிவைக்கும் வசதி 2019 மே வெளியீட்டில்தான் கிடைத்தது. வேலைக்கு நடுவே கணினி தானே அணைந்து எழுவதற்கு 'மறுதொடக்கத் திணிப்பு' என்னலாம். ஒரே பின்னொட்டால் மூன்றையும் சொல்ல முடிகிறது என்பது இச்சொல்லுக்குக் கூடுதல் வலு.

இதற்கு நேர்மாறான நிலைக்கும் ஒரு சொல் தேவைப்படும். அன்று துரத்தித் துரத்தி 10-க்கு மாற்றப்பட்ட பழைய கணினிகளுக்கு, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலி (பிராசசர்) பழையது என்று விண்டோஸ் 11 மறுக்கப்படுகிறது. 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிந்துவிட்டது. அதைத் தனி இழையில் பேசலாம்.

மறுப்புகள் வரவில்லையெனில் வரும் ஞாயிற்றுக்கிழமை 'இற்றைப்படுத்தல்', 'பதிப்பு மாற்றம்', 'பதிப்புத் திணிப்பு' ஆகிய மூன்றையும் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். முடிவாகாமல் இருப்பது ஒரு பொத்தானின் பெயர். விண்டோஸ் 10 பிரசாரத்தின்போது ஒரு கட்டத்தில் சன்னலில் இருந்த பொத்தான்கள் இரண்டே: 'இப்போதே மேம்படுத்து', 'இன்றிரவு மேம்படுத்து'. மறுப்பதற்கான பொத்தானுக்கு 'நிராகரி', 'மறுதலி', 'தவிர்' என்றெல்லாம் குழுவில் பட்டியல் வந்திருக்கிறது. நான் 'வேண்டாம்' என்றே எழுதப் பார்க்கிறேன். ஏவல்வினை அன்று என்பதால் மற்றப் பொத்தான்களோடு சீராக இராது என்று ஒருவர் சொல்லக்கூடும். சீர் கெடுவதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
சொற்பட்டியல் பொறுப்பாளர்