அந்த விரலைக் கீறினார்களா, இல்லையா?

சிம்மக்கல்லான்:
நம் திரைப்படக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை திரையிடல் முடிந்த பிறகு பழைய ஆபரேட்டர் அண்ணன் போட்ட பதிவு இது: "பேய்ப்படம் உருவான கதை என்று வருகிற ஆவணப்படம் எல்லாம் டிவிடி விற்க எடுத்த விளம்பரம். 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' படத்தில் கதாநாயகியின் விரலை நிஜமாகவே கீறினார்கள் என்பது சுத்தப் புளுகு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கீறியவரே சொல்லியிருக்கிறார் அண்ணே! அந்தப் படத்தில் லெதர்ஃபேஸ் என்ற கொலைகாரனாக நடித்த கன்னர் ஹான்சன். கத்தியின் கூர்முனையில் டேப் ஒட்டி, பின்பக்கம் ஒரு ட்யூப் வைத்திருந்தார்கள். அழுத்தினால் போலி ரத்தம் வர வேண்டும். ட்யூப் அடைத்துக்கொண்டது. டேக் மேல் டேக் போனது. கடைசியில் பொறுமை இழந்து டேப்பை உரித்துவிட்டு, கதாநாயகியாக நடித்த மெரிலின் பர்ன்ஸின் விரலைக் கீறிவிட்டார். 2013இல் அவர் எழுதிய நூலிலும் இது இருக்கிறது.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, 1973 கோடையில் நடந்ததை நாற்பது வருடம் கழித்து ஒருவர் எழுதினால் அது சாட்சி ஆகிவிடுமா? நான் தியேட்டர் கேபினில் புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் எரித்தவன். ஓடுகிற ஃபிலிமைக் கையால் தொட்டுப் பிழைத்தவன். கீறினார்கள் என்பதற்கு ஒரு அடி ஃபிலிம் காட்டு, ஒத்துக்கொள்கிறேன்.

திருநகர் டீச்சர்:
முதலில் எதை ஆவணப்படம் என்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமா? 'ஷைனிங்' பேய்ப்படத்தின் படப்பிடிப்பு நடக்கும்போதே இயக்குநர் குப்ரிக்கின் மகள் விவியன் கேமராவோடு கூடவே இருந்து எடுத்தது ஒரு வகை. அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், பிபிசியில் வந்தது. நடிகை ஷெல்லி டுவாலிடம் குப்ரிக் எரிந்து விழுவதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம். வருடங்கள் கழித்து நடிகர்களை உட்காரவைத்துக் கேட்பது வேறு வகை. அதே 'ஷைனிங்' பற்றி 2012இல் வந்த 'ரூம் 237' அதுவும் இல்லை, முழுக்க ரசிகர்களின் ஊகம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் எப்படி?

சிம்மக்கல்லான்:
டீச்சர், வகை பிரிப்பதெல்லாம் அப்புறம். விரல் கீறப்பட்டது. அண்ணன் அதற்குப் பதில் சொல்லட்டும்.

அந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தவர் யாரும் இப்படிப் பேச மாட்டார். கீறிய விரலின் ரத்தத்தைச் சப்புகிற தாத்தாவாக வந்த ஜான் டூகன் இருபது வயதுப் பையன். கிழவன் மேக்கப்புக்கே பல மணி நேரம் பிடித்தது. இன்னொரு தடவை இதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதனால் சாப்பாட்டு மேசைக் காட்சி முழுவதையும் ஒரே மூச்சில், 26 மணி நேரத்துக்கும் மேலாக எடுத்தார்கள். டெக்சாஸ் வெயில். பகலில் இரவைக் காட்ட ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. உள்ளே காற்று கிடையாது, விளக்குச் சூடு வேறு. மேசையில் வைத்த இறைச்சி அழுகி, எலும்புகள் நாறி, ஆட்கள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். அந்த நிலைமையில் ட்யூபும் அடைத்துக்கொண்டால் மனிதன் என்ன செய்வான்? சித்திரை வெயிலில் மேலமாசி வீதியில் நிற்கிற நமக்கா இது புரியாது?

பழைய ஆபரேட்டர்:
நீ 26 என்கிறாய். வேறிடத்தில் 27 என்கிறார்கள். மணிக்கணக்கே நிற்கவில்லை, விரல் மட்டும் எப்படி நிற்கும்?

மேலூர் மாப்ள:
இரண்டு பேரும் டெக்சாஸிலேயே குடியிருங்கள். விட்டலாச்சார்யா 1978இல் 'ஜெகன்மோகினி' எடுத்தாரே, அந்தத் தந்திரக் காட்சிகளைப் பற்றி நீங்கள் ஒரு நாளாவது பேசியது உண்டா? என் அப்பா வண்டி கட்டிப்போய்ப் பார்த்த படம் அது. அந்த மனுஷன் 1999இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் கேமராவோடு போய் உட்கார நம் ஆட்களுக்குத் தோன்றவில்லை.

சிம்மக்கல்லான்:
மாப்ள, நல்ல விஷயம்தான், தனியாகப் பதிவு போடுங்கள். இங்கே பேச்சு விரலைப் பற்றி.

இன்னொன்று. 'எக்சார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த மகள் அறைந்து அம்மா கீழே விழுகிற இடம். அம்மாவாக நடித்த எலன் பர்ஸ்டினின் இடுப்பில் கட்டிய கம்பியை வேகமாக இழுத்ததில் முதுகில் அடிபட்டது. படத்தில் இருப்பது அந்த நிஜ அலறல்தான். மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்று படுக்கையறை செட்டையே குளிரூட்டினார்கள். அந்தப் படத்தைப் பற்றி 1998இல் பிபிசி எடுத்த ஆவணப்படத்தை நான்தான் இந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தேன். அதுவும் புளுகா?

பழைய ஆபரேட்டர்:
பர்ஸ்டின் அடிபட்டவர், அவரே சொன்னார், நம்புகிறேன். இங்கே சொல்வது வெட்டியவன். படம் ஓட ஓட அவனுக்குத்தானே பெயர்?

சிம்மக்கல்லான்:
ஒருவன் ஒரு பெண்ணின் விரலைக் கத்தியால் கீறினேன் என்று பெயர் வாங்குவதற்கா சொல்வான்? பர்ன்ஸின் ரத்தத்தைத்தான் வாயில் வாங்கினோம் என்பது டூகனுக்கே வருடங்கள் கழித்துத்தான் தெரியும். விளம்பரமென்றால் 1974இல் படம் வந்தபோதே தண்டோரா போட்டிருப்பார்கள்.

அண்ணனுக்கு ஆவணப்படம் என்றாலே ஆகாது. போன மாதம் 'நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' பேய்ப்படங்களைப் பற்றிய ஆவணப்படம் போட்டோம். நான்கு மணி நேரம். சுழலும் அறையைத் தலைகீழாக வைத்துப் படுக்கைக் குழியில் ரத்தம் ஊற்றியதும், எடை மாறி அறை தப்பான பக்கம் சுழன்றதும் வரப்போகிற நேரத்தில் புரொஜக்டரை அணைத்தது யார்?

பழைய ஆபரேட்டர்:
பத்து மணிக்கு ஹாலைப் பூட்ட வேண்டும். வாட்ச்மேனுக்கு நீயா பதில் சொல்வாய்?

திருநகர் டீச்சர்:
நான் கேட்டதற்கு ஒருவரும் வாயே திறக்கவில்லை. 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக் காட்சி ஒன்றுக்காகவே எடுத்த '78/52' ஆவணப்படம் இருக்கிறதே, 78 கேமரா அமைப்பு, 52 வெட்டு, அதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

பழைய ஆபரேட்டர்:
52 வெட்டு விழுந்தும் 'சைக்கோ'வில் நடிகையின் மேல் கீறல் இல்லை டீச்சர். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் ஊற்றினார்கள். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் எடுப்பான்.

சிம்மக்கல்லான்:
அது கறுப்பு வெள்ளை அண்ணே! டெக்சாஸ் படத்தை டோபி ஹூப்பர் எடுத்தது கலரில். பணமும் கிடையாது. 'சைக்கோ' எடுத்த ஹிட்ச்காக்கோடு ஒப்பிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

மேலூர் மாப்ள:
'ஜெகன்மோகினி' பிரிண்ட் யாரிடமாவது இருக்கிறதா, இல்லையா? அதையாவது சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர்:
இருந்தால் நான் ஓட்டுகிறேன் மாப்ள. டெக்சாஸ் படத்துக்கு இனி சாவி தர மாட்டேன்.

சிம்மக்கல்லான்:
சாவி உங்கள் வீட்டுச் சொத்தா? எல்லோரும் சந்தா போட்டுத்தான் ஹால் எடுத்தோம். வருகிற ஞாயிறு அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியை மட்டும் ஓட்டி, ஹான்சன் எழுதியதை வரி வரியாகப் படிப்பேன். முன்வரிசையில் வந்து உட்காருங்கள் அண்ணே.