பழைய கிராஃபிக்ஸ் கார்டு, மாற்றப்பட்ட பயாஸ்: பிழை எண் 43-உம் திரையில் வண்ணக் கட்டங்களும்

கேள்வி

பயன்படுத்தப்பட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 570, 8 ஜிபி கார்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். கணினியை இயக்கியதும் தொடக்கத் திரை தெளிவாகத் தெரிகிறது. விண்டோஸும் தன் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவரில், குறைந்த ரெசல்யூஷனில் ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் ஏஎம்டி டிரைவரை நிறுவியவுடன் திரை ஒரு கணம் கறுத்து மீள்கிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 43-உம் வந்து நிற்கின்றன. சேஃப் மோடில் டிடியு என்ற நீக்கும் கருவி கொண்டு டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு, பழைய பதிப்பு, புதிய பதிப்பு என மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினால் நிலைமை வேறு. அங்கே டிரைவர் எந்தத் தடையுமின்றி ஏறிக்கொள்கிறது. ஆனால் முப்பரிமாணச் சோதனை எதையாவது ஓடவிட்டால், சற்று நேரத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சிறு கட்டங்கள் திரையெங்கும் சிதறுகின்றன, பிறகு எல்லாம் உறைந்துவிடுகிறது. மெமரியின் வேகம் 2050 மெகாஹெர்ட்ஸ் எனக் காட்டுகிறது. இந்தக் கார்டுக்கு வழக்கமான வேகம் 1750 என்று படித்திருக்கிறேன். விற்றவர் "மைனிங்கில் ஓடியது, நன்றாகத்தான் இருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை (மைனிங் என்றால் கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீடு). கோளாறு பயாஸிலா (கார்டினுள் பதிந்திருக்கும் தொடக்க நிரலிலா), கார்டிலா? எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். பிழை எண் 43-க்குக் காரணம் ஏறக்குறைய உறுதியாகப் பயாஸ்தான். இந்தத் தலைமுறைக் கார்டுகளில் விண்டோஸ் டிரைவர், பயாஸ் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கும். யாராவது பயாஸில் ஓர் எண்ணை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது, டிரைவர் நின்றுவிடும். லினக்ஸ் டிரைவர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை என்பதால்தான் அங்கே கார்டு உயிரோடு இருப்பதுபோல் தெரிகிறது.

2050 என்ற எண்ணும் இதையே சொல்கிறது. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில் பெருமளவு வேலை மெமரியின் மீது விழும் என்பதால், கோரின் (முதன்மைச் சில்லின்) வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்து, மெமரி வேகத்தை ஏற்றி, கூடவே 1500 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய இறுக்கமான டைமிங் மதிப்புகளை (மெமரியின் செயல்களுக்கு இடையிலான காத்திருப்பு அளவுகளை) எடுத்து 1750-க்கும் 2000-க்கும் ஒட்டிவிடுவது அப்போதைய வழக்கம். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, இப்படி மாற்றப்பட்ட கார்டுகள் மாற்றியபடியே விற்பனைக்கு வந்துவிட்டன. மைனிங்கில் ஒரு கணக்கு தவறினால் அந்த விடை நிராகரிக்கப்படும், அவ்வளவே. படத்தில் தவறினால் அது கட்டமாகக் கண்முன் நிற்கும். ஆகவே "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விற்றவர் சொன்னது, அவருடைய பயன்பாட்டைப் பொறுத்தவரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

முதலில், இப்போதிருக்கும் பயாஸை பயாஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஏஎம்டிவிபிஃப்ளாஷ் கருவி கொண்டு ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள். பிறகு கார்டின் மேல் விளிம்பில் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் இரண்டு பயாஸ் இருக்கும். மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு அதை மறுபக்கம் தள்ளினால் மாற்றப்படாத மூலப் பயாஸ் கிடைக்கக்கூடும். டிரைவரின் கையொப்பச் சோதனையை முடக்கும் பேட்ச்சைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது பிழை 43-ஐ மறைக்கும், 2050 அப்படியே இருக்கும். அதனால் அதை நான் தீர்வாகக் கருதுவதில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் மூலப் பயாஸைத் தேடும்போது கார்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள கார்டில் ஒரு தொகுதிக்குச் சாம்சங் மெமரியும், இன்னொரு தொகுதிக்கு ஹைனிக்ஸ் அல்லது மைக்ரான் மெமரியும் வந்திருக்கும். டைமிங் அட்டவணை மெமரித் தயாரிப்பாளரைப் பொறுத்தது; உங்கள் மெமரிக்கு உரிய அட்டவணை இல்லாத பயாஸை ஏற்றினால், கார்டு தொடங்காமலே போகலாம், அல்லது இதே கட்டங்களைக் காட்டி, மெமரி செத்துவிட்டது என்று உங்களை நம்பவைக்கலாம்.

லினக்ஸிலோ, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் கருவியிலோ மெமரியின் தயாரிப்பாளர் பெயர் தெரிந்தால் நல்லது. சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கைக் கழற்றத் தயங்காதவர் என்றால் சில்லின் முதுகிலேயே படிக்கலாம்: கே4ஜி80325எஃப்பி என்றிருந்தால் சாம்சங், டி9விவிஆர் என்றிருந்தால் மைக்ரான். டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் ஒவ்வொரு கோப்பும் எந்தெந்த மெமரியை ஏற்கும் என்று பட்டியலிடப்பட்டிருக்கும். கார்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆர்எக்ஸ் 470-இலும் 570-இலும் கணக்கிடும் அலகுகளான ஸ்ட்ரீம் பிராசஸர்கள் 2048 தான். ஆகவே 470-இல் 570-இன் பயாஸை ஏற்றி விற்கும் கைவேலையும் சந்தையில் நடந்திருக்கிறது.

ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது பயாஸைக் கார்டில் எழுதும்போது, கார்டின் மாடலைக் குறிக்கும் சப்சிஸ்டம் அடையாளம் பொருந்தவில்லை என்று கருவி மறுத்தால், கட்டாயப்படுத்தி ஏற்ற வேண்டாம். பெரும்பாலும் தவறான கோப்பை எடுத்திருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸிலோ வேறொரு கார்டிலோ திரையை இணைத்துக்கொண்டு செய்தால், ஏதேனும் பிசகினாலும் திரும்பி வர வழி இருக்கும்.

மறுமொழி 3

பயாஸை மீட்டவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். தொடக்கத் திரையில் மெமரி மிகக் குறைந்த வேகத்தில் ஓடும். மைனிங்குக்காக மாற்றப்படும் டைமிங்குகள் அங்கே செயலுக்கு வருவதில்லை. அந்தத் திரையிலேயே கோடுகளோ புள்ளிகளோ வந்திருந்தால், பயாஸைத் தொடாமலே கார்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தெளிவாக இருக்கிறது என்பதால்தான் நம்பிக்கை இருக்கிறது.

மூலப் பயாஸோடு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து, ஜிபியு மெமரி பிழைகள் என்ற வரியைக் கவனியுங்கள். இந்தக் கார்டிலுள்ள ஜிடிடிஆர்5 வகை மெமரியில் தரவு கைமாறும்போது நேரும் பிழைகளைக் கண்டறியும் ஏற்பாடு உண்டு. திரையில் எதுவும் தெரியாதபோதும் அந்த எண்ணிக்கை ஏறும். சுமை கொடுத்துப் பார்த்து, பூஜ்யத்திலேயே நின்றால் கவலையில்லை. ஏறினால், மெமரி வேகத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

சுவிட்ச் இருந்தது, ஆனால் மறுபக்கத்திலும் அதே 2050 தான். மெமரி மைக்ரான் என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்டிக்கரோடு பொருந்திய கோப்பை ஏற்றி, மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தி மீண்டும் இயக்கினேன். பிழை 43 போய்விட்டது. மெமரி 1750 காட்டுகிறது. கட்டங்களும் வரவில்லை. எனினும் நீங்கள் சொன்ன அந்த எண்ணிக்கை, கார்டு குளிர்ந்திருக்கும்போது பூஜ்யத்தில் நின்று, சுமையில் சூடான பிறகு மெல்ல ஏறத் தொடங்குகிறது. 1500-க்குக் குறைத்தால் ஏறவேயில்லை. கோரின் வெப்பம் 70 பாகையைத் தாண்டுவதில்லை என்பதால் சூட்டைக் காரணமாகச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 3

தயங்க வேண்டாம்; நீங்கள் பார்ப்பது கோரின் வெப்பம். இந்தக் கார்டில் மெமரியின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் இல்லை. குளிர்ந்தபோது சரியாகவும் சூடானபோது பிழையாகவும் இருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது மெமரிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடுகளை. நெடுநாள் ஓயாமல் ஓடிய கார்டில் அவை காய்ந்து, எண்ணெய் கசிந்து, தொட்டால் பொடிந்துபோகும் நிலையில் இருக்கும். மாற்றும்போது பழைய பேடின் தடிமனை அழுந்தாத ஓரத்தில் அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். தடித்த பேடைப் போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு கோரின் மீது சரியாக உட்காராது, அப்போது அந்த 70-உம் மேலே போய்விடும். ஃபேன்களையும் கையால் சுழற்றிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அவற்றையும் மாற்றிவிடலாம்.

பேடுகளை மாற்றிய பிறகும் 1750-இல் பிழை ஏறினால், ஏதோ ஒரு மெமரிச் சில்லோ அதன் அடியிலுள்ள சால்டரோ நலிந்திருக்கிறது. அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வித்தையை நாடாதீர்கள். அது தற்காலிகமாக உயிர்கொடுத்து, பிறகு மோசமாகக் கைவிடும். திருப்பிக் கொடுக்கும் காலம் இன்னும் முடியவில்லை என்றால், ஹீட்சிங்க்கைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பிழை எண்ணிக்கையின் படத்தோடு விற்றவரிடம் பேசிவிடுங்கள், கழற்றிய கார்டை அவர் ஏற்க மறுக்கலாம். வைத்துக்கொள்வதானால் ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் மெமரியை 1500-இல் நிறுத்தி ஓட்டுங்கள். வேகம் சற்றுக் குறையும், படம் நிலையாக இருக்கும். அந்த 1500-ஐப் பயாஸில் எழுத மட்டும் முயல வேண்டாம், எழுதினால் கையொப்பம் மறுபடி பொருந்தாமல் போய்ப் பிழை 43 திரும்பிவிடும்.