மறு: 'தாக்கக் காரணி' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'சைட்டேஷன்' என்றால் மேற்கோள், 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்றால் தாக்கக் காரணி. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இப்போது மாற்ற என்ன தேவை?

ஐயா, தேவை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷிமோன் சகாகுச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2025 மருத்துவ நோபலை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் பகிர்ந்துகொண்ட ஜப்பானிய நோயெதிர்ப்பியல் அறிஞர். இரண்டாம் பக்கத்தில், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்களைப் பற்றி இப்படி ஒரு வரி வந்து விழுந்தது: "ஃபாக்ஸ்பி3 என்னும் படியெடுப்புக் காரணி பழுதானால் டி செல்கள் சொந்த உடலையே தாக்கும், இதைப் பற்றிய ஆய்வு வெளிவந்த இதழின் தாக்கக் காரணியும் அதிகம்." பிழை பார்த்த என் தங்கை, "அப்போ அந்த இதழுக்கும் மருந்து கொடுக்கணுமா?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு யோசித்தால் அவள் கேட்டது சரி. நோயெதிர்ப்பியலில் தாக்குவது கிருமியும் செல்லும். காரணி என்றால் வளர்ச்சிக் காரணி, படியெடுப்புக் காரணி என்று ஏதோ ஒரு மூலக்கூறு. இரண்டையும் ஒட்டவைத்தால் புதிதாக ஒரு புரதத்துக்குப் பெயர் வைத்தது போல இருக்கிறது.

அளக்கப்படுவதுதான் என்ன? ஓர் இதழ் 2023, 2024 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை 2025-இல் மொத்தம் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வெறும் வகுத்தல் கணக்கு. தமிழில் இதற்கு 'வீதம்' என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

'மேற்கோள்' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் வாசகர் மனத்தில் இரட்டைக் குறிக்குள் இருக்கும் வாசகம்தான் வருகிறது. அறிவியல் கட்டுரையில் யாரும் யாருடைய வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப் போடுவது அரிது. வரி முடிவில் சின்னதாக ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான்.

> 'சுட்டுகை' என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே?

இலக்கணப்படி அழகு. ஆனால் "இது சுட்ட படம்" என்று பேசுகிற ஊரில், "இவரை 5,000 பேர் சுட்டிருக்கிறார்கள்" என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

என் பரிந்துரை: எடுத்தாட்சி. சொல்லாட்சி போல. 'எடுத்தாளுதல்' ஏற்கெனவே நம் நாவில் இருக்கிறது. முக்கியமாக, எடுத்தாண்டவர் ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்பதை அது சொல்வதில்லை. நன்னூல் நூலாசிரியருக்குச் சொல்லும் எழுமதத்தில் (ஏழு கொள்கைகளில்) முதல் இரண்டு உடன்படல், மறுத்தல். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. 1964-இல் அறிவியல் கட்டுரைகளுக்கு எதை யார் எடுத்தாண்டார்கள் என்று பட்டியலிடும் முதல் பெரிய எடுத்தாட்சி அடைவைக் கொண்டுவந்த யூஜின் கார்ஃபீல்டுக்கு முன்மாதிரி வழக்கறிஞர்கள் புரட்டும் தீர்ப்பு அடைவு. அதில் பின்னால் வந்த நீதிமன்றம் பழைய தீர்ப்பைப் பின்பற்றியதா, தள்ளியதா என்ற குறிப்பும் உண்டு. அறிவியலுக்கு வந்தபோது அந்தக் குறிப்பு உதிர்ந்து, எண் மட்டும் தங்கிவிட்டது.

சகாகுச்சியையே பாருங்கள். பிறந்து மூன்று நாளான சுண்டெலிக்கு, டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியை எடுத்தால் அதன் உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறது. வேறு சுண்டெலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் அது தடுக்கப்படுகிறது. அப்படியானால் அடக்கிவைக்கும் செல் ஏதோ இருக்க வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 'அடக்கும் டி செல்' என்ற பேச்சே பெயர் கெட்டுக் கிடந்தது. 1995-இல் சிடி25 என்ற மேற்பரப்புப் புரத அடையாளத்தோடு அந்தச் செல்லைக் காட்டியபோதும் பலர் நம்பவில்லை. 2001-இல் பிரன்கோ, ராம்ஸ்டெல் குழு ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டது. இந்தச் செல் உருவாவதை இயக்குவது அந்த மரபணுதான் என்று 2003-இல்தான் தெரிந்தது. எட்டு ஆண்டுகள்! 1995 கட்டுரை, வெளியிட்ட இதழின் வீதத்தில் கணக்கானது 1996, 1997 இரண்டே ஆண்டுகளுக்கு. அதன் பிறகு எத்தனை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அந்த வீதத்தில் ஒரு புள்ளி ஏறாது. இதைப் போய்த் 'தாக்கம்' என்றால் எப்படி?

'எச்-இண்டெக்ஸ்' பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்று அளக்க 2005-இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் சொன்னது. ஒருவருக்கு ஒவ்வொன்றும் 20 முறையாவது எடுத்தாளப்பட்ட 20 கட்டுரைகள் இருந்து, 21 கட்டுரைகளுக்கு 21 முறை என்று எட்டவில்லை என்றால் அவர் எண் 20. ஒரே கட்டுரை எழுதி அது 5,000 முறை எடுத்தாளப்பட்டாலும் எண் 1தான். 'ஹிர்ஷ் எண்' போதும். (கிரந்த எழுத்தைத் தவிர்த்துக் கிர்சு எண் என்று எழுதுவோர் எழுதட்டும், அந்தச் சண்டை இந்த இழையில் வேண்டாம்.)

ஆக: எடுத்தாட்சி, இதழ் எடுத்தாட்சி வீதம், ஹிர்ஷ் எண்.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தன் பழைய கட்டுரையைத் தானே எடுத்தாளுவதற்கு என்ன சொல்வது? 'தன்னெடுத்தாட்சி' வாயில் நுழையவில்லை. சுருக்கினால் 'தன்னாட்சி' ஆகிவிடுகிறது. அது வேறு அரசியல். வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?