14 சென்ட் மனைக்கு பேட்டரி புல் டிரிம்மர்: 18 வோல்ட் போதுமா?

மேலவீதி கேட்டது:

வணக்கம். கும்பகோணத்தை ஒட்டிய கிராமத்தில் எங்களுக்கு 14 சென்ட் மனை இருக்கிறது. வீடும் சிமென்ட் தளமும் போக ஏறத்தாழ 10 சென்ட் திறந்த இடம். அதில் ஒன்பது தென்னை, சென்ற ஆண்டு நட்ட நான்கு மாங்கன்றுகள், மூன்று பக்கம் முள்கம்பி வேலி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அருகு கணுக்காலை மறைக்கும், கோரை முழங்காலைத் தொடும். இரவில் கிணற்றடிக்குப் போவதென்றால் பாம்புக்குப் பயந்து டார்ச் விளக்கைத் தேட வேண்டியிருக்கிறது. இதுவரை அப்பாதான் பன்னரிவாளை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து அறுத்துவந்தார். அவருக்கு இப்போது 71 வயது. முழங்கால் இடம் கொடுப்பதில்லை. நடவு நேரத்தில் கூலிக்கு ஆள் கேட்டால் கிடைப்பதும் இல்லை.

தோளில் மாட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டரின் கனமும் இரைச்சலும் அவருக்குச் சரிப்படாது என்பதால், நைலான் நரம்பு சுழன்று வெட்டும் பேட்டரி டிரிம்மர் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். இணையக் கடைகளில் 18, 20, 21, 36, 48 வோல்ட் என்று பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. 48 வோல்ட் என்று போட்டிருக்கும் கருவி 18 வோல்ட் கருவியின் விலையில் பாதிகூட இல்லையே, அது எப்படி? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன் எழுதியது:

விலை பாதியாக இருப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் 48 வோல்ட்டே இல்லை என்பதுதான். நான் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு டிரிம்மர் பேட்டரியைக் கொண்டுவந்தார். மேலே பளபளப்பான ஸ்டிக்கரில் 48 என்று எழுதி, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில், வோல்ட் என்று பொருள்படாத இரண்டு ஆங்கில எழுத்துகள். நான்கு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தால் உள்ளே ஐந்தே ஐந்து செல்கள், ஓரத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு.

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வரை போகும். ஐந்து செல்களை வரிசையாகக் கோத்தால் சராசரிக் கணக்கில் 18, உச்சக் கணக்கில் 21. ஆகவே 18, 20, 21 என்று எழுதியிருப்பவை மூன்றும் ஒரே ரகம்தான். பெயர் சூட்டுவதில்தான் வேறுபாடு. 36 வோல்ட்டும் 40 வோல்ட்டும் அதேபோல் பத்து செல்கள் கொண்டவை.

நீங்கள் பார்க்க வேண்டியது வோல்ட்டை மட்டும் அல்ல, வோல்ட்டையும் பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் கிடைக்கும் வாட் மணியை. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. அடர்ந்த புல்லில் மோட்டார் 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த பேட்டரி ஏழு நிமிடத்தில் காலியாகிவிடும். பெட்டியின் மேல் முப்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்று அச்சிட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் புல்லே இல்லாமல் வெறுமனே சுழலவிட்ட கணக்கு. உங்கள் 10 சென்ட்டுக்கு, அதாவது சுமார் 4,350 சதுர அடிக்கு, 18 வோல்ட்டில் 4 ஆம்பியர் மணி பேட்டரி குறைந்தது இரண்டு வேண்டும். அப்போதும் அரை மணி நேரத்து வேலைதான். வாரம் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் அதுவே தாராளம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்றால் 36 வோல்ட்டுக்குப் போங்கள், ஆனால் கனமும் விலையும் ஏறும்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால் அதே நிறுவனத்தின் டிரிம்மரை வாங்குவது லாபம், ஏனென்றால் பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் கருவியை மட்டும் தனியாக விற்கிறார்கள். பொருந்துமா என்று கடையில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்; ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டுக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, அதன் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளில் ஏறாது. கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) இல்லாத மோட்டார் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்கலாம். அதே சார்ஜில் அதிக நேரம் ஓடும், தேய்ந்து மாற்ற வேண்டிய பிரஷ்ஷும் இல்லை.

கொல்லைப்புறம் எழுதியது:

மலிவுக் கருவிகளோடு சிறிய இரும்பு வட்டும் பிளேடுகளும் இலவசமாகக் கொடுப்பார்கள். அப்பா கையில் கொடுக்கப்போகும் கருவி என்றால் அவற்றை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். கருங்கல் ஜல்லியில் பட்டு பிளேடின் முனை உடைந்து என் கெண்டைக்காலுக்கு அரையடி தள்ளிச் சுவரில் தெறித்ததைப் பார்த்த பிறகு நான் நரம்பைத் தவிர வேறொன்றையும் மாட்டுவதில்லை. இணைப்புச் சங்கிலி வைத்த வெட்டுத்தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012லேயே தடை செய்துவிட்டது. இங்கே அவை இன்னமும் தாராளமாக விற்பனைக்கு இருக்கின்றன. கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

தென்னங்கீற்று எழுதியது:

கருவியைப் பற்றிப் பட்டறைக்கார நண்பர் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. மரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் டிரிம்மர் வாங்கிய வீடுகளில் முதல் ஆண்டே அடிபடுவது கன்றுகள்தான். மாங்கன்றின் பட்டை மெல்லியது. வேகமாகச் சுழலும் நரம்பு இரண்டு முறை பட்டாலே உரிந்துவிடும். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்குப் போகும் வழி அறுந்து, கன்று சில மாதங்களில் பட்டுப்போகும். அடித்தண்டைச் சுற்றி இரண்டடி விட்டத்துக்குப் புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, காய்ந்த ஓலையைத் தண்டில் படாமல் மூடாக்காகப் போட்டுவிட்டால், கருவி அந்தப் பக்கம் போகவே வேண்டியதில்லை.

தென்னை உறுதியான மரம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். தென்னந்தண்டில் பட்ட காயம் மாமரத்தைப் போல மூடிக்கொள்வதில்லை. அந்தக் காயத்தின் வழியே சாறு வடிதல் நோய்க்கான பூசணம் நுழையும், சிவப்புக் கூன்வண்டும் காயம் பட்ட இடத்தைத் தேடி வந்து முட்டையிடும்.

இன்னொன்று: கோரை மண்ணுக்கு அடியில் கிழங்கு வைத்திருப்பதால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் சில நாட்களில் திரும்பவும் தலை காட்டும். டிரிம்மர் புல்லைக் குட்டையாக வைக்குமே தவிர கோரையை ஒழிக்காது, அதற்குக் களைக்கொட்டுதான்.

மேலவீதி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி, இரண்டு பேட்டரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நரம்பின் தடிமனில் 1.6 மில்லிமீட்டர், 2.4 மில்லிமீட்டர் என்று இருக்கிறதே, தடித்ததையே வாங்கிவிட்டால் அடிக்கடி அறுந்துபோகாதல்லவா? முள்கம்பி வேலியோரம் வெட்ட வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

அவசரப்பட வேண்டாம். 2.4 மில்லிமீட்டர் நரம்பின் குறுக்குப் பரப்பு 1.6 மில்லிமீட்டர் நரம்பைப் போல இரண்டே கால் மடங்கு. அதைச் சுழற்ற 18 வோல்ட் மோட்டார் திணறும், சூடேறும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். கையேட்டில் என்ன தடிமன் சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள். வேலியோரத்தில் எந்த நரம்பும் அறுபடத்தான் செய்யும். அங்கே மட்டும் ஒரு சாண் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம். அலமாரியில் கிடந்து காய்ந்துபோன நரம்பு மொடமொடவென்று ஒடியும். முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் துவண்டு கொடுக்கும். தரையில் தட்டினால் நரம்பு நீளும் வகையையே வாங்குங்கள். தானாக நீளும் வகையில் விசையை விட்டுவிட்டு அழுத்தும் ஒவ்வொரு முறையும் நரம்பு வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் உயரக் கோரையை அடியோடு வெட்ட முயன்றால் அது சுழலும் தலையைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும்; மேலே பாதி, பிறகு கீழே பாதி என்று இரண்டு தடவையாக வெட்டச் சொல்லுங்கள். சிக்கியதை எடுப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வெட்டி முடித்ததும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல், நிழலில் வைத்து ஆறவிட்டு ஏற்றுவது நல்லது.

கடைக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள். பேட்டரியை மாட்டி, கைப்பிடியின் உயரத்தை அவருக்கு ஏற்றபடி வைத்து, ஐந்து நிமிடம் கையில் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். அவர் குனிந்தால் அந்தத் தண்டு குட்டை. வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.