பழங்கால ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம்: எங்கே நின்று பார்த்தீர்கள், எது இன்னும் நினைவில் இருக்கிறது?

கேள்வி

இங்கிலாந்தில் நடக்கும் குட்வுட் ரிவைவல் பந்தயத்துக்கு முதன்முறையாகச் செல்ல இருக்கிறேன். 1948 முதல் 1966 வரை பந்தயங்கள் நடந்து, பிறகு மூடப்பட்டு, 1998இல் மீண்டும் உயிர்பெற்ற அதே பாதையில் அந்தக் காலத்துக் கார்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நவீனப் பந்தயங்களைப் பலமுறை நேரில் பார்த்திருந்தாலும், கார் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுவதால் பெரிதாக எதுவும் மனத்தில் தங்கியதில்லை. இம்முறை அப்படி ஆகிவிடக் கூடாது. பழைய கார்களின் பந்தயத்தைப் பார்த்தவர்கள் எந்த இடத்தில் நின்றீர்கள், எது உங்களிடம் தங்கியிருக்கிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நேர்ப்பாதையில் நிற்காதீர்கள், வளைவுக்குப் போங்கள். தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் வரும் முதல் வளைவான மேட்ஜ்விக்கில்தான் நான் அரைநாள் நின்றேன். ஜாகுவார் டி-டைப் ஒன்று வந்தது. 1955, 56, 57 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் வென்ற வகை அது; ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீனின் துடுப்பைப் போன்ற தகடு எழுந்து நிற்கும். மேற்கூரை இல்லாததால் ஓட்டுநரின் தோளும் முழங்கையும் கையுறையும் தெளிவாகத் தெரிந்தன. வலப்புறம் திரும்பும் அந்த வளைவில் அவருடைய ஸ்டீயரிங் இடப்புறம் திரும்பியிருந்ததைக் கண்டபோதுதான், கார் முழுவதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது என்பதும், அந்த வழுக்கலை அவர் விரும்பியே வைத்திருக்கிறார் என்பதும் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து டயர்கள் குறுகலானவை. பிடியைச் சட்டென்று விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஆகவே ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது, பார்ப்பவருக்கும் அந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் கைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் அதே வேலையைச் செய்தன. எட்டாவது சுற்றில் மட்டும் ஒரு கணம் பிந்தின, கார் புல்தரையின் ஓரத்தைத் தொட்டுப் புழுதி கிளப்பிவிட்டு மீண்டது. யார் வென்றார் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அந்தக் கைகள் நினைவில் இருக்கின்றன.

பதில் 2

வளைவு நல்ல இடம்தான். ஆனால் அதற்கு முன் கார்களைத் தயார் செய்யும் பகுதியில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். என்னை முதலில் நிறுத்தியது வாசனை. பழைய பந்தய என்ஜின்கள் சிலவற்றில் ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகெண்ணெயை ஊற்றுகிறார்கள், ஏனெனில் கடும் வெப்பத்திலும் அது உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி நிற்கும். வெந்த விளக்கெண்ணெயின் அந்த இனிப்பு கலந்த நெடி பெட்ரோல் புகையோடு சேர்ந்து வந்ததை வேறெங்கும் நான் நுகர்ந்ததில்லை. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றின் ஸ்பார்க் பிளக்குகளை மெக்கானிக் ஒருவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் துணிமேல் அடுக்கி, நுனியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிர் பழுப்பாக இருந்தால் எரிபொருளும் காற்றும் சரியாகக் கலக்கின்றன, கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அதை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பொறுமை எனக்குப் பந்தயத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

பதில் 3

நான் பார்த்தது பிரான்ஸில், 2002இல் தொடங்கிய லெ மான்ஸ் கிளாசிக். ஏறக்குறைய 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள 24 மணி நேரப் பந்தயத்தின் முழுப் பாதையிலும் பழைய கார்கள் இரவு பகலாக ஓடுகின்றன. பாதையின் ஒரு பக்கம் கார்கள் சாய்வாக நிற்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டுநர்கள் ஓடிச்சென்று ஏறும் பழைய தொடக்கமுறையை அங்கே கண்டேன். 1969இல் பெல்ஜிய ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் அந்த முறை ஆபத்தானது என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே நடந்து சென்று, பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பி, இறுதியில் அந்தப் பந்தயத்தையே வென்றார் என்பதைப் படித்திருந்ததால், ஓடுகிறவர்களைவிட, நடந்து வந்த அந்த ஒருவரையே என் மனம் தேடிக்கொண்டிருந்தது. நள்ளிரவில் கார்களின் உருவம் தெரியாது. முகப்பு விளக்குகளின் மஞ்சள் ஒளியை வைத்தும், எட்டு சிலிண்டரின் தடித்த உறுமலா பன்னிரண்டு சிலிண்டரின் கூரிய ஓசையா என்பதை வைத்தும்தான் வருவது எந்தக் கார் என்று கணிக்க வேண்டும். விடிவதற்குள் எனக்குப் பாதிக்கு மேல் சரியாக வந்துவிட்டது.

பதில் 4

குட்வுட்டுக்கே போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தி நேரப் பந்தயம் முடியும்வரை கிளம்பிவிடாதீர்கள். வெளிச்சம் குறையக் குறைய, பிரேக் பிடிக்கும் இடத்தில், கம்பிச் சக்கரங்களுக்கு உள்ளே பிரேக் வட்டுகள் பழுத்த இரும்பாகச் சிவப்பதைப் பார்க்கலாம். காதுக்கு அடைப்பான் எடுத்துச் செல்லுங்கள்; ஆனால் முதல் சுற்று முடிந்தபின் போட்டுக்கொள்ளுங்கள்.