வேலூர்ப் பக்கம் அகலக்கோண ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காட்பாடி

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. அதனோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸில் பெரிய குறை எதுவும் இல்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நுழையும்போதுதான் அது திணறுகிறது. தூண்கள் அவ்வளவு நெருக்கம். யாளியின் முகத்தைப் பிடித்தால் கீழே குதிரையின் கால் வெட்டுப்படுகிறது. பின்னால் நகரலாம் என்றால் முதுகில் அடுத்த தூண் இடிக்கிறது. விதானத்து வேலைப்பாட்டையும் தூண் வரிசையையும் ஒரே படத்தில் கொண்டுவர 18 போதவில்லை. எண் குறையக் குறையத்தான் படத்தில் அதிக அகலம் அடங்கும்.

ஆகவே 10 மில்லிமீட்டர் பக்கத்தில் தொடங்கும் ஜூம் ஒன்று வாங்கப் போகிறேன். நிக்கான் 10-20, சிக்மா 10-20, பழைய டோக்கினா 11-16 என மூன்று கண்ணில் படுகின்றன. விவரப் பட்டியல்களைப் படித்து அலுத்துவிட்டது. நம் ஊர்ப் பக்கம் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரிவிட்டது என்று சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி

அதே மண்டபத்துக்காகத்தான் நானும் நிக்கான் 10-20 வாங்கினேன். எடை 230 கிராம். கழுத்தில் கிடப்பதே தெரியாது. அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துவாரம், எஃப் 4.5-இல்தான் தொடங்குகிறது (எண் சிறிதானால் துவாரம் பெரிது). அந்த மண்டபத்தின் நிழலுக்கு அது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் டிரைபாடை விரித்தால் காவலாளி வந்து நிற்பார். அங்கே நம்மைக் காப்பாற்றுவது லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் நொடி வரை கையிலேயே எடுக்கிறேன். கல் அசையாது, அதனால் சரிப்படுகிறது. நடமாடும் ஆட்கள் மங்கலாகத்தான் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு அல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. இந்த லென்ஸ் ஏஎஃப்-பி வகை. என் நண்பரிடம் டி7000 இருக்கிறது. "நிக்கானுக்கு நிக்கான் பொருந்தாமல் போகுமா சார்?" என்று சொல்லி ஒரு கடையில் இதையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டினால் ஃபோகஸ் ஆகவில்லை. கையால் வளையத்தைத் திருப்பியும் பயனில்லை. அந்த வளையம் கண்ணாடியை நேராக நகர்த்துவதில்லை. மோட்டாருக்குச் செய்தி சொல்கிறது, மோட்டார்தான் நகர்த்த வேண்டும். பழைய கேமராவுக்கு அந்த மோட்டாரை இயக்கத் தெரியாது. டி90, டி3200, டி5100 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பணம் போனதுதான் மிச்சம்.

குடியாத்தம்

என்னுடையது கேனன் 10-18. மண்டபம், கோபுரம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது கூட்டம் பற்றி.

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு, கோபாலபுரம் கோயிலுக்குப் போய்ச் சேரும். அகலக்கோணம் என்றால் ஊரையே அடக்கிவிடலாம் என்று நினைத்து மொட்டை மாடியில் ஏறுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் படங்களைப் பார்த்திருக்கிறேன். தெரு முழுவதும் இருக்கும், மின்கம்பிகள் முழுவதும் இருக்கும், வெளுத்த வானம் பாதிப் படத்தைத் தின்றிருக்கும். சிரசு மட்டும் கடுகளவு. 10 மில்லிமீட்டர் எதையும் பெரிதாக்காது அண்ணா. தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளி வைக்கும்.

இந்த லென்ஸை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது கீழே இறங்குவதுதான். சூறைத் தேங்காய் உடைக்கிறவர் ஓங்கிய கைக்கு இரண்டடி தூரத்தில் நில்லுங்கள். கை படத்தில் பாதியை நிறைக்கும். அதற்குப் பின்னால் மாலைகள், தலைகள், அவற்றுக்கு மேல் சிரசு என்று அடுக்கடுக்காக விரியும். ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்க அங்கே நேரம் இருக்காது. நான் எஃப் 8 வைத்து, இரண்டடி சொச்சத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றின்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுவேன். 10 மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஓரடியிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக வரும். அதன்பின் கண்ணில் வைக்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கூட எடுக்கலாம். தேங்காய்த் தண்ணீர் லென்ஸில் தெறிக்கும். 67 மில்லிமீட்டர் யுவி ஃபில்டரும் பருத்தித் துணியும் கட்டாயம்.

படத்தின் ஓரங்களில் முகங்களை விடாதீர்கள். மூலையில் சிக்கிய பையனின் தலை சுரைக்காய் போல நீண்டுவிடும்.

ராணிப்பேட்டை

குடியாத்தத்தார் கடைசியில் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எனக்குத் திருமணப் படம்தான் பிழைப்பு. மேடையில் இரு வீட்டாரும் நிற்கும்போது 10 வைத்து எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரிவார்கள். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் பெரியம்மாவும் அத்தையும். ஆல்பம் கைக்கு வந்ததும் யார் ஏச்சு வாங்குவது? காலி மண்டபத்தின் அலங்காரத்துக்கு மட்டும் அகலம். ஆட்கள் வந்துவிட்டால் 18-க்குக் கீழே நான் போவதில்லை.

பிற்பாடு ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்க: இங்கே பேசப்படும் லென்ஸ்கள் எல்லாம் சிறிய சென்சாருக்கானவை. கேனனின் சிறிய சென்சார் வகையான ஈஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் எஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது.

ஆலங்காயம்

டோக்கினாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு ஜவ்வாது மலையில் இரவு வானம்தான் வேலை. எஃப் 4.5 உள்ளே விடும் வெளிச்சத்தைப் போல் டோக்கினாவின் எஃப் 2.8 இரண்டரை மடங்கு விடுகிறது. நட்சத்திரத்துக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. 11 மில்லிமீட்டரில் 25 நொடி திறந்து வைத்தாலும் நட்சத்திரங்கள் கோடாக இழுபடுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. முதல் பதிப்பில் மோட்டார் கிடையாது, டி5600-இல் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது. இரவில் எப்படியும் கையால்தான் ஃபோகஸ் வைக்கிறோம், எனக்கு அது பொருட்டில்லை. பகலிலும் வேண்டும் என்றால் மோட்டார் உள்ள இரண்டாம் பதிப்பைத் தேடுங்கள். தெருவிளக்கு படத்துக்குள் வந்தால் ஒளிச்சிதறல் அசிங்கமாக விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காவலூர்ப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. டார்ச்சை வானத்தை நோக்கி அடித்து விளையாடாதீர்கள்.

திருவண்ணாமலை

1989 வரை நாங்களும் வட ஆற்காடுதான், எனவே உரிமையோடு நுழைகிறேன். கோபுரத்துக்கென்று இந்த லென்ஸ் வாங்குகிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ராஜகோபுரம் 217 அடி. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாயும். சாயாமல் இருக்கக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டமாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால், நிக்கானில் 18 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 325 அடி தள்ளி நிற்க வேண்டும், 10 மில்லிமீட்டருக்கு 180 அடி போதும். இடையில் கடைகளும் ஆட்டோக்களும் மறைக்கும் தெருவில் அந்த 145 அடிக்காகத்தான் பணம் கொடுக்கிறோம். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும், வெட்டிவிடலாம். தள்ளி நிற்க இடம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு 18-55 போதும் என்பேன்.

பழைய லென்ஸ் வாங்கினால் கோட்டை மதிலுக்கு எதிரே நேராக நின்று ஒரு படம் எடுங்கள். இடது மூலையில் கல் இடுக்குகள் கூர்மையாகவும் வலது மூலையில் குழைந்தும் இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

காட்பாடி

எல்லாருக்கும் நன்றி. இரவு வானம் எனக்கு ஆசைதான், ஆனால் மாதத்தில் பாதி ஞாயிறு நான் இருப்பது கோட்டைக்குள். டிரைபாட் இல்லாத இடத்துக்கு அதிர்வுத் தடுப்பே சரி. நிக்கான் 10-20 என்று முடிவு. கூடவே 72 மில்லிமீட்டர் போலரைசர் ஃபில்டர் ஒன்றும் வாங்கட்டுமா? அகழித் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன்.

குடியாத்தம்

தண்ணீருக்கு மட்டும் என்றால் வாங்குங்கள். வானம் படத்தில் வந்தால் கழற்றிவிடுங்கள். இவ்வளவு அகலத்தில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் பட்டையாக விழும். மெல்லிய விளிம்புள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், தடித்ததை மாட்டினால் 10-இல் நான்கு மூலையும் கறுத்துவிடும்.