மறு: ‘சூட்டபிள் ஷிப்பிங் கண்டிஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

லோடு வந்து இறங்கும் வாரம் என்பதால் நான்கு நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் தலைப்பில் உள்ள ஆங்கில வியாபாரச் சொல்லுக்கு ஐந்து தமிழ்ச் சொற்கள் வந்து விழுந்திருக்கின்றன: ‘அனுப்பத்தகு நிலை’, ‘பயணத் தகுதி’, ‘ஏற்றுமதித் தரம்’, ‘நற்பயண நிலை’, அப்புறம் ஒட்டன்சத்திரத்து மண்டி ஐயா எழுதிய ‘தாங்குநிலை’. முதல் நான்கும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டொரான்டோவில் ஒரு காய்கறி இறக்குமதிக் கடையில் வரவுக் கணக்கு பார்ப்பவன் நான். பதினொரு வருடமாக இந்த மூன்று ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் மாதத்துக்கு இரண்டு சண்டை போடுகிறேன்.

சொல் பிறந்த இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1930-இல் வந்த ஒரு சட்டம், விரைவில் கெடும் விளைபொருள் வியாபாரத்துக்கு மட்டுமானது. வியாபாரிகள் ‘பாக்கா’ என்பார்கள். அதன் விதிகளில் எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு, ஏற்றும் இடத்திலேயே விற்று முடிப்பது) விற்பனைக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. புறப்படும் இடத்தில் சரக்கு வண்டியில் ஏறும். அதன்பின் வழியில் நேரும் சேதமும் தாமதமும், விற்றவர் செய்ததாக இல்லாதவரை, வாங்கியவர் தலையில். இதோடு முடிந்திருந்தால் வம்பே இல்லை. ஏறும் சரக்கு ‘சூட்டபிள் ஷிப்பிங் கண்டிஷனில்’ இருக்க வேண்டும் என்று ஒரு வாலையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். போக்குவரத்து வழக்கம்போல நடந்தால், பேசிய ஊருக்குப் போய்ச் சேரும்போது சரக்கு அளவுமீறிக் கெட்டிருக்கக் கூடாது. அப்படிப் போய்ச் சேரக்கூடிய நிலையில் அது ஏறியிருக்க வேண்டும். இவ்வளவுதான் பொருள்.

(எஃப்.ஓ.பி.யை ‘கப்பல்மேல் விலை’ ஆக்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். இந்த வியாபாரத்தில் பாதிக்கு மேல் லாரிதான். எஃப்.ஓ.பி. அப்படியே இருக்கட்டும்.)

‘அனுப்பத்தகு நிலை’ இங்கேதான் சறுக்குகிறது. அதைப் படிக்கிறவர், அனுப்பும்போது பார்த்தோம், நன்றாக இருந்தது, அனுப்பினோம் என்றுதான் எடுத்துக்கொள்வார். விற்பவர்கள் சொல்வதும் அதேதான். ஒரு ஆகஸ்ட் மாதம், கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு லோடு லெட்டூஸ் வந்தது (முட்டைக்கோஸ்போல உருண்ட இலைக்கீரை; ஒரு உருண்டையை ‘தலை’ என்போம்). அங்கேயே அரசு ஆய்வாளர் பார்த்து முதல் தரம் என்று சான்று கொடுத்திருந்தார். நான்கு நாள் பயணம். விடியற்காலை கதவைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது வெப்பப் பதிவுப் பெட்டியைத்தான். கடைசி வரிசையில், பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருக்கும். கோடு ஆடவே இல்லை. 34 டிகிரி ஃபாரன்ஹீட்டில் புறப்பட்டு 36-ஐத் தாண்டாமல் வந்திருந்தது. கம்பி வெப்பமானியைத் தலைக்குள் செருகிப் பார்த்தேன், அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது. வெளி இலையும் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒரு தலையை இரண்டாக வெட்டினேன். நடுக்குருத்தைச் சுற்றி மூன்று இலைகள் பழுப்பாகக் குழைந்து, விரலில் பசைபோல ஒட்டின. 24 தலை உள்ள பெட்டி. வெட்டிய ஆறில் இரண்டு அப்படி.

சேருமிட ஆய்வுக்குச் சொல்லி, ஆய்வாளர் வந்து எண்ணினார். சராசரி அழுகல் 9 விழுக்காடு. எஃப்.ஓ.பி.யில் வாங்கிய லெட்டூஸுக்கு அமெரிக்க விதி விடும் சலுகை இப்படி: நிலைக்குறை (அழுகல், வாட்டம் போன்றவை) எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 15, அதற்குள் கடுமையானது 9, அதற்குள்ளும் அழுகல் 5. எங்கள் லோடு தாண்டிவிட்டது. விற்றவரைக் கூப்பிட்டால் ஒரே பதில்: ‘அனுப்பும்போது சுத்தம், சான்று இருக்கிறது.’ விதியைப் பொறுத்தவரை அது பதிலே இல்லை. வண்டி ஒழுங்காக ஓடி, குளிர் ஒழுங்காக நின்று, அப்படியும் அழுகி வந்தால், அழுகல் ஏறும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: கட்டுச்சோற்றுக்குள் எலியை வைத்துக் கட்டினாற்போல. மூட்டை கட்டும்போது எலி கண்ணில் படாது, அவிழ்க்கும்போதுதான் தெரியும். எலி வழியில் ஏறவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரம் இழுத்து, கடைசியில் விலையில் கழித்துக் கொடுத்தார்கள்.

‘பயணத் தகுதி’ என்றால் எனக்கு லாரிக்கு வாங்கும் எஃப்.சி. (ஓடத் தகுதிச் சான்று)தான் நினைவுக்கு வருகிறது. பொறுப்பு வண்டிமேல் போய்விடும். வண்டிமேல் பொறுப்பு வரும் கதையே வேறு. அதே வருடம் இன்னொரு லோடில் இரண்டாம் இரவு கோடு 50-க்கு எகிறியிருந்தது. ஓட்டுநர் குளிர் எந்திரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு விற்றவரிடம் என்னால் வாயே திறக்க முடியவில்லை. போக்குவரத்து வழக்கம்போல நடக்காவிட்டால் இந்த உறுதிமொழியே கிடையாது. லாரிக்காரரிடம்தான் போக வேண்டும். ‘ஏற்றுமதித் தரம்’ இன்னும் மோசம். இது தரமே அல்ல.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் இழையில் இரண்டு பேர் ‘தரம்’ என்றே எழுதிவிட்டார்கள். ஆய்வுச் சீட்டில் இரண்டு கட்டம் தனித்தனியே இருக்கும். கோணல், தழும்பு, சொறி, நிறக் குறைவு இவையெல்லாம் தரக் கட்டத்தில். செடியில் எப்படி இருந்ததோ டொரான்டோவிலும் அப்படியே இருக்கும், கூடாது, குறையாது. அழுகல், வாட்டம், கன்றல், பழுப்பு ஆகியவை நிலைக் கட்டத்தில். இன்றைக்கு இரண்டு என்றால் நாளை நான்கு ஆகும். தமிழில் ‘தரம் கெட்டுப்போச்சு’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முன்னதற்கு ‘நிலைத்த குறை’, பின்னதற்கு ‘வளர்குறை’ என்று வைத்தால் கணக்கு எழுதுகிறவனுக்குப் பெரிய உபகாரம். ‘வளர்குறை’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கிற, வளரும் குறை மூன்றும் அதற்குள் அடங்கும். ஆய்வாளர் எண்ணிய நேரத்துக்கும் நீதிமன்றத்தில் படிக்கும் நேரத்துக்கும் நடுவில் நடப்பதும் அதுதானே.

சரி, ‘தாங்குநிலை’. ஐயா எழுதியதை மறுபடி ஒட்டுகிறேன்:

> மண்டியில் நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான். லோடு தாங்குமா? கேரளாவுக்குத் தக்காளி என்றால் செங்காயாக ஏற்றுவோம், உள்ளூருக்கு என்றால் பழமாகவே போகும். தாங்காத சரக்கை ஏற்றினால் மறுநாள் பட்டியில் (விற்பனைச் சீட்டில்) கழித்துவிடுவார்கள்.

நாம் தேடிக்கொண்டிருந்தது இந்த வினைச்சொல்தான். ‘தாங்கும்’ என்றால் பார்வை தானாகப் போய்ச் சேரும் இடத்துக்குப் போகிறது. தயிர்சோறு தாங்காது, புளிச்சோறு தாங்கும் என்று பொங்கிக் கட்டுகிற அம்மாவுக்கு எந்தச் சட்டமும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல் வாயில் இருந்தும் கலைச்சொல்லாக ஏன் வரவில்லை என்றும் யோசித்தேன். கமிஷன் மண்டியில் சரக்கு விற்கும்வரை விவசாயியுடையது; கெட்டால் நட்டமும் அவருடையது. யார் யாருக்கு உறுதி கொடுப்பது? ஏற்றும் இடத்திலேயே விற்று முடித்து, சரக்கு இன்னொருவருடையதாகி மூவாயிரம் மைல் போகும்போதுதான் இந்தச் சொல்லுக்கு வேலை வருகிறது.

ஒரே ஒரு திருத்தம். ‘தாங்குநிலை’ மட்டும் என்றால் பாலத்துக்கும் பலகைக்கும்கூடப் பொருந்தும். பொறியியல்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் என் முன்மொழிவு: ‘வழித்தாங்கு நிலை’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “சரக்கு வழித்தாங்கு நிலையில் ஏற்றப்படவில்லை என்பதால் வாங்கியவர் விலைக்குறைப்பு கோருகிறார்.” படிக்க வருகிறது, இல்லையா?

கூடவே ஒரு எச்சரிக்கை. ‘அக்செப்டன்ஸ்’ என்பதற்கு ‘ஏற்பு’ என்று நம் கலைச்சொல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தில் சரி, லாரி இறக்கும் இடத்தில் ஆபத்து. வாங்கியவர் சரக்கை இறக்க ஆரம்பித்தாலே அதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பது விதி. லாரி வந்த தகவல் கிடைத்து, சரக்கைப் பார்க்கவும் வழி விட்டபின் அமெரிக்க விதிப்படி 8 மணி நேரம் உண்டு. வேண்டாம் என்பதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். இதைத் தமிழில் எழுதினால் ‘சரக்கை இறக்கினால் ஏற்றதாகும்’ என்று வருகிறது. புதிதாக வந்த பையனிடம் இந்த வரியைக் காட்டினேன். “இறக்கினா எப்படிண்ணே ஏத்தினதாகும்?” என்றான். எனவே ‘ஒப்புகை’ என்று மாற்றலாம். மறுப்பதற்கு ‘நிராகரிப்பு’ இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ஒப்புக்கொண்டபின் திருப்பி அனுப்பத்தான் முடியாது, நட்டம் கேட்கலாம் என்பதையும் அட்டவணைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். தெரியாமல் முதல் வருடத்தில் இரண்டு லோடுக்கு முழுக் காசு கட்டியவன் நான்.

---

அண்ணா, வணக்கம். மொன்றியலில் இருந்து எழுதுகிறேன்.

‘வழித்தாங்கு நிலை’ வாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் ஒரு கேள்வி. எந்த வழி? ரொறன்ரோவுக்கென்று வாங்கின லொறியை அங்கே விலை சரியில்லை என்று நீங்கள் இங்கே திருப்பிவிட்டால் இன்னும் ஒரு பகல் கூடும். அந்த ஒரு பகலில் கெட்டதற்கு விற்றவர் பொறுப்பில்லை. டி.ஆர்.சி.க்கு (மரக்கறி, பழ வியாபாரப் பிணக்குகளைத் தீர்க்கிற அமைப்பு) ஒரு பிணக்கு எழுதிக்கொடுத்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியே ஒப்பந்தத்தில் எழுதின ஊர் எது என்பதுதான். கனடாவில் மரக்கறி, பழம் மொத்தமாக வாங்கி விற்கிற பெரும்பாலானோர் 2019 முதல் அங்கே அங்கத்தவராக இருக்க வேண்டும் என்பதால் இது நாளாந்தம் வருகிற கேள்வி. ‘பேசிய வழி’ என்ற கருத்து சொல்லுக்குள் வரவேண்டாமோ?

---

அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் ஆங்கிலச் சொல்லிலும் அந்த ஊர் இல்லை, விளக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் திணித்தால் ‘ஒப்பந்தச் சேருமிடம்வரை வழித்தாங்கு நிலை’ என்று ரயில் வண்டிபோல நீளும். சொல்லைச் சிறிதாக வைத்து, அட்டவணையில் விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘ஒப்பந்தத்தில் குறித்த ஊர்வரை மட்டும்’ என்று போட்டுவிடுகிறேன். நடுவில் வண்டியைத் திருப்பினால் உறுதிமொழி பழைய ஊரோடு நின்றுவிடும் என்பதற்கு உங்கள் மொன்றியல் லொறியையே எடுத்துக்காட்டாக வைக்கலாமா? பெயர் எதுவும் இல்லாமல்தான்.

ஞாயிறுவரை வேறு மறுப்பு வராவிட்டால் வழித்தாங்கு நிலை, வளர்குறை, நிலைத்த குறை, ஒப்புகை நான்கையும் ஏற்றிவிடுகிறேன் (அட்டவணையில்தான், லாரியில் அல்ல). அடுத்து மாட்டிக்கொண்டிருப்பது ‘பிரைஸ் ஆஃப்டர் சேல்’. விலை பேசாமல் சரக்கு போகும், வாங்கியவர் அதை விற்று முடித்தபின் இருவரும் உட்கார்ந்து விலை முடிப்பார்கள். கமிஷன் வியாபாரமும் அல்ல, விற்பனைதான். ஐயா, இதற்கு மண்டியில் ஏதாவது பேச்சு உண்டா?